கத்தரிக்காய் சாப்பிடலாம் என்றாள் குசுமா

மாத்தளையில் மருந்து வாங்க வீட்டிலிருந்து போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு போக வேண்டும், நல்லெண்ணெய் வாங்கப் போவது மாதிரி. நம் துறையூர் வைத்தியர் இலையில் சூரணம் மடித்துத் தருவாரே, அதெல்லாம் இல்லை. தண்ணி மருந்துதான். போத்தல் முதுகில் பல்லுப் பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டித் தருவார்கள்; ஒரு பல் ஒரு வேளைக்கு. எழுத்துத் தெரியாத எனக்கு (பேத்திதான் இதை எழுதுகிறாள்) அதைப் பார்த்தாலே சந்தோஷம்.

அன்று இருமலுக்குப் போனேன். மருந்துக்கடையில் வேலை பழகும் சிங்களப் பிள்ளை குசுமா, நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள், காதோடு சொன்னாள்: "ஆச்சி, இன்னைக்கு எனக்குச் சோதனை. தேறலைன்னா அப்பா எங்க ஊரு பல்லேபொலவுக்கே கூட்டிட்டுப் போயிருவாரு."

அவளைச் சோதிக்க வந்த யாழ்ப்பாணத்து ஐயா பென்சிலோடு பக்கத்தில் நின்றார். குசுமா அளந்தாள், கலந்தாள், காகிதம் ஒட்டினாள். "குலுக்கிட்டுக் குடிங்க. சாப்பிட்ட பொறகு, மூணு வேளை."

"அம்மா, பிள்ளை என்ன சொன்னவ?" என்று ஐயா என்னைக் கேட்டார்.

அப்படியே ஒப்பித்தேன். பென்சில் ஓடியது. எனக்கு ஆசை பொத்துக்கொண்டு வந்தது. பத்தியம் சொல்லாத வைத்தியரை நம் ஊரில் யார் மதிப்பார்கள்? பிள்ளை மறந்துவிட்டாள், நாமே சேர்த்துவிடுவோம்!

"கத்தரிக்கா ஆகாது, கருவாடு ஆகாது, எண்ணெ தேச்சுக் குளிக்கக் கூடாதுன்னும் சொல்லிச்சுங்க. ரொம்ப வெவரமான புள்ள!"

பென்சில் நின்றது. "இது எந்தப் புத்தகத்தில கிடக்கு, குசுமா?"

"அய்யோ ஆச்சி!" அவள் கண் கலங்கிவிட்டது.

நான் குறுக்கே புகுந்தேன். "ஐயா, அது எங்கூரு வைத்தியரு சொன்னதுங்க. பத்தியத்தப் பத்தி இந்தப் புள்ள வாயே தொறக்கல. நான்தான் ஒத்தாசைக்குச் சேத்தேன்."

ஐயா சிரிக்காமல் அவளைப் பார்த்தார். "சரி, இப்பிடி ஒரு ஆள் வந்தா என்ன செய்வீர்?"

குசுமா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "ஆச்சி, இந்த மருந்துக்குப் பத்தியம் இல்ல. கத்தரிக்கா சாப்பிடலாம். சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடுறேன்டி தங்கம்!"

பென்சில் மறுபடி ஓடியது. தேறிவிட்டாள்.

அன்று பார்த்து மருமகள் கத்தரிக்காய்க் கறி வைத்திருந்தாள். வாக்குக் கொடுத்தாயிற்று. வைத்தியரோ செத்து எத்தனையோ வருஷம். ஆனால் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து முறைக்கிறார். பாதியைத் தின்றேன், குசுமாவுக்காக. மீதியைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டுக் கை கழுவினேன்.