பெயர் ஒட்டுகிறவள்

துறைமுகக் கிடங்கில் எல்லோரும் அவளைச் 'சூடு அக்கா' என்பார்கள். கோபக்காரி என்பதால் அல்ல. கையில் எப்போதும் சூட்டுக்காற்று ஊதும் கருவி இருக்கும். கப்பலில் வந்திறங்கும் கார்களின் பின்புறத்தில், அவற்றைச் செய்த நாட்டில் வழங்கும் பெயர் இருக்கும். அங்கே அது வாத்தியாரும் கடைக்காரரும் ஓட்டும் வண்டி. இங்கே அதற்குப் பகட்டாக வேறொரு பெயர்; விலையும் அதற்கேற்ப. அவள் காற்றை ஊதிப் பசையை இளக்கி, தூண்டில் நரம்பை உள்ளே விட்டு அறுத்து, பழைய பெயரைப் பெயர்த்தெடுப்பாள். துடைத்துவிட்டுப் புதியதை ஒட்டுவாள். இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை.

"நீ தொட்டா காருக்கு மவுசு வருது. உனக்குத்தான் ஒண்ணையும் காணோம்" என்று அவள் கணவர் குத்திக்காட்டுவார். பல வருடமாகத் தற்காலிக வேலை. இந்த மாதம் நிரந்தரமாக்குவதாக மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கார், மேலுறைகூடப் பிரிக்காமல், பழைய பெயரோடு வாங்கியவர் வீட்டுக்கே போய்விட்டது. அவள் கைக்கு வருமுன் அவசரப்பட்டு அனுப்பியது மேற்பார்வையாளன். மலிவு வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வாங்கியவர் தாம்தூம் என்று குதித்தார்.

மேற்பார்வையாளன் அவளைத் தனியே கூப்பிட்டான்.

"அக்கா, நீங்க மறந்துட்டதா சொல்லிடுங்க. உங்களுக்கு ஒரு திட்டோட போயிடும். எனக்குன்னா வேலையே போயிடும். நிரந்தர விஷயத்தை நான் பாத்துக்கறேன்."

அவன் பரிந்துரைக்காமல் அது நடக்காது என்று அவளுக்குத் தெரியும். ஒத்துக்கொண்டாள்.

தவறு செய்தவளே போய்ச் சரிசெய்யட்டும் என்று வாங்கியவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். புதுப்பெயர் ஏறியதும் உள்ளே போய் உட்கார்ந்து, "இப்பதான் சீட்டே சொகுசா இருக்கு" என்று மனைவியிடம் சொன்னார். சூடு அக்கா துடைத்த துணியை மடித்துப் பையில் வைத்தாள்.

திரும்பி வந்தபோது மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தற்காலிக ஆளுக்கு விசாரணை எதுவும் வேண்டியதில்லையாம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

வாசல்வரை மேற்பார்வையாளன் கூடவே வந்தான். "கொஞ்சம் ஆறட்டும்க்கா. அடுத்த கப்பலுக்குக் கண்டிப்பா கூப்பிடறேன்."

"தப்பு யாருதுன்னு உள்ள சொல்லிட்டுக் கூப்பிடுங்க தம்பி."

அவன் கைபேசியை எடுத்துப் பார்த்தான். அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை. ஆனாலும் காதில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தான்.