களியை மென்ற மேனேஜர்

இன்று தருமபுரி பஸ்ஸில் என் பழைய முதலாளியைப் பார்த்தேன். எண்பதுகளில் அவருடைய மாம்பழக்கூழ் ஆலையில் நான் மேனேஜர்.

"வேலைக்காரங்களோட உக்காந்து களி தின்னு மரியாதையக் கெடுத்துட்டீங்களே" என்றார், இன்னும் ஆறாமல்.

தின்றேன்தான். வெளியூர்க்காரன் நான் களியை மென்றதும் பெண்கள் சிரித்துவிட்டார்கள். "மெல்லாதீங்க சார், அப்படியே முழுங்குங்க" என்றாள் ராணி. அன்றோடு என்மேல் இருந்த பயம் போனது.

அதே ராணிதான் பிறகொரு நாள் தானாக வந்து, "தொட்டி கழுவுற காஸ்டிக் சோடாத் தண்ணி கைதவறி கூழ்ல கொட்டிடுச்சுங்க சார்" என்றாள். டின்னில் அடைக்கும் முன்பே அத்தனையையும் கொட்டிவிட்டோம்.

அவளை வேலையைவிட்டு அனுப்பச் சொன்னார் இவர். மாட்டேன் என்றேன்.

இன்று பஸ்ஸிலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "நீங்க சொன்ன மரியாதையோட நான் இருந்திருந்தா, அந்தக் கூழு டின்னுல போயிருக்குமுங்க."

உங்கள் ஆபீசில் தப்பு நடந்தால் மேனேஜருக்கு முதலில் தெரியுமா, கடைசியிலா?