இடம் மாறிய ஊர்கள்

ஆபீசில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. எந்த வேலையைத் தலையில் கட்டினாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபின் அவள் திரும்பி வந்த அன்று, டீ மெஷின் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். அவளுக்கு அதுவும் உறைக்கவில்லை.

மேனேஜர் தயங்கித் தயங்கி வந்தார். "சீனக் கம்பெனியோட வெப் பேஜ்மா. முதல் மெனுவுல மாகாணத்தைத் தொட்டா, பக்கத்து மெனுவுல அந்த மாகாணத்து ஊருங்க மட்டும் வரணும். எழுத்தைப் பார்த்ததுமே மத்தவங்க நழுவுறாங்க."

"குடுங்க சார்."

அவளுக்கு அது தோதான வேலைதான். தெரிந்த மொழியில் எதைப் படித்தாலும் அவர் நினைவில் போய் இடித்தது, மாத்திரை விளம்பரம்கூட. இந்த எழுத்துகள் குச்சி குச்சியாகச் சும்மா நின்றன. முதலில் திரையில் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாக வந்தன, சரிசெய்தாள். மாகாணத்தை மாற்றினால் பழைய ஊர்கள் போகாமல், புது ஊர்கள் அவற்றின் அடியில் போய் ஒட்டிக்கொண்டன. பட்டியலைக் காலி செய்துவிட்டு நிரப்பு என்று ஒரு வரி சேர்த்தாள். கை தன்பாட்டுக்கு வேலை பார்த்தது.

அனுப்பியபின் போன் வந்தது. கம்பெனிக்காரம்மா சீனத்தில் பேச, கூடவே இருந்த மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னாள்.

"அவங்க அம்மா இருக்கிற ஊரு வேற மாகாணத்துக்குப் போயிடுச்சாம்."

பார்த்தாள். இரண்டு மாகாணப் பெயர்களிலும் கடைசி எழுத்து ஒன்றேதான். ஊர்களை மாற்றி ஒட்டியிருந்தாள்.

"மன்னிச்சுக்குங்க, மாத்திடறேன்."

"கடைசி எழுத்துக்கு மேற்குன்னு அர்த்தமாம். முன்னால மூணு கோடு நிமிர்ந்து நின்னா மலை. இன்னொண்ணு ஆறு. ராத்திரி பகலா உக்காந்து இவ்வளவு வேகமா முடிச்சீங்களே, வீட்டுல திட்டலையான்னு கேக்குறாங்க."

"வீட்டுக்காரர் போன மாசம் தவறிட்டார்."

"ஐயோ, இதை அவங்ககிட்ட சொல்லட்டுமா?" என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

"பரவாயில்ல, சொல்லுங்க."

தான் சொன்னது சீனத்தில் போவதைப் பெரியக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். எந்த ஒலி அவர், எந்த ஒலி சாவு என்று தெரியவில்லை.

"ஊரை மெதுவா மாத்தினா போதுமாம். அவசரமே இல்லையாம்."

அவள் அன்றைக்கே மாற்றினாள். மலை எழுத்து இப்போது மலையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அழுகை வரவில்லை.

அதன்பின் அந்தக் கம்பெனி அவளையே கேட்டு வேலை அனுப்பியது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "உன்னை விடமாட்டேங்கிறாங்கம்மா."

"சரி சார்," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.