பாடியவரின் பெயர் எங்கே?

இன்று மத்தியானம் நார்த்மீடில் மகள் வீட்டில் பேத்தி ஆரணியோடு ஹொலிவூட்டின் பழைய ஆட்டபாட்டச் சிரிப்புப் படம் ஒன்று பார்த்தேன். கதாநாயகியின் கடைசிப் பாட்டுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"என்ன குரல் இவவுக்கு!" என்றேன்.

"அம்மம்மா, அது அவ பாடேல்லை. அவ சும்மா வாயசைச்சவ. வேற ஒராள்தான் பாடினது."

"அதுக்கென்ன? எங்கட படங்களிலயும் அப்பிடித்தானே. பாடினவவின்ர பேர் என்ன?"

"பேர் போடேல்லை. சீக்ரெட்டாம்."

நம்பாமல் படத்தைத் திருப்பிப் போடச் சொன்னேன். தலைமுடி கட்டிவிட்டவரின் பெயர்கூட இருக்கிறது, பாடியவரின் பெயர் இல்லை! எங்கள் ரேடியோவில் பாட்டுக்கு முன்னமே பாடியவரின் பெயரைச் சொல்லிவிடுவார்களே.

அப்போதுதான் ஆரணி மெல்லச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை ஸ்கூல் நாடகத்தில நானும் திரைக்குப் பின்னால நிண்டுதான் பாடுறன். ஹீரோயினுக்குப் பாட வராது. என்ர பேரும் போடேல்லை. இட்ஸ் ஓகே, அம்மம்மா."

எது ஓகே?

ரேடியோ அறிவிப்பாளர் மாதிரிப் பெயர் சொல்ல எனக்கும் வரும். பாட்டுத் தொடங்க முன்னம் எழும்பி நின்று, "பாடுபவர் ஆரணி" என்று சபைக்கே கேட்கச் சொல்லப் போகிறேன்.

இதைக் கேட்ட மகள் என்னைக் கூட்டிக்கொண்டு போகமாட்டாளாம். வெள்ளிக்கிழமை காரில் இடம் இருக்கிறவர்கள் சொல்லுங்கோ.