துரை மேசைக்குப் போன காய்ச்சல் மீன்

உங்கள் பெரியக்காவுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில்தான் போர்த்துக்கல் நாட்டு வெள்ளை வைன் எங்கள் தோட்டத்தை நடத்திய துரையின் பங்களாவுக்கு வந்தது. அப்போது கஹவத்தைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் இருந்தோம். பால் வெட்டிக்கொண்டிருந்த என்னைத் துரை பங்களாச் சமையலுக்குத் தற்காலிகமாக எடுத்திருந்தார். சமையல் பிடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் திரும்பவும் பால் வெட்ட மலைக்கு. உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் வேறு நினைப்பே இல்லை.

சனிக்கிழமை துரையின் நண்பர் கொழும்பிலிருந்து மனைவியோடு வந்தார். அந்த வைன் போத்தல்களும் ஐஸ் பெட்டியில் இறாலும் கொண்டுவந்தார்கள். எங்கள் ஆட்களுக்குக் குடி என்றால் பக்கத்தில் கடித்துக்கொள்ள உறைப்பாக ஒரு பைட் வேண்டும். நாக்கு எரியாவிட்டால் குடித்த மாதிரியே இராது. அதே நினைப்பில் கொச்சிக்காய்த் தூளை அள்ளிப் போட்டு இறாலைக் காரமாகப் பிரட்டி டெவல் செய்து வைத்தேன். நண்பரின் மனைவி ஒரு வாய் தின்றுவிட்டுத் தண்ணீராகக் குடித்தார். வைன் கிளாசில் அப்படியே இருந்தது.

துரை குசினிக்கு வந்தார். சிங்களவர். தமிழ் பேசும்போது நடுவில் சிங்களமும் வந்து விழும். சமையல்காரன் என்பதால் என்னை ‘அப்பு’ என்பார்.

“என்ன அப்பு, வாய் பத்துது! இந்த வைன் தேசிக்கா தண்ணி மாதிரி, லேசு. காரம் போட்டா அது எங்க போச்சுன்னே தெரியாது. நாளைக்கு மீன் செய். உப்பு, தேசிக்கா, அவ்வளவுதான். கொச்சிக்கா எப்பா, எப்பா!” என்று, வேண்டவே வேண்டாம் என்பதுபோல் இரண்டு கையையும் ஆட்டினார்.

ஞாயிறு விடிய நல்ல மழை. மீன் சைக்கிள்காரர் மேலே ஏறி வரவில்லை. நான் லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஓடினேன். முதல் நாள் அம்மா வாங்கி உப்புத் தடவி வைத்திருந்த பாரை மீன் ஒன்று இருந்தது. கஞ்சி குடித்து வெறுத்துப்போன அக்கா ஆசையாகக் கேட்ட மீன் அது. உப்பும் மிளகும் தேசிக்காய் பிழிந்த புளியும் மட்டும் போட்டு அவிப்பதற்கு அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அம்மா சிரித்தாள். “காய்ச்சக்காரி சாப்பாட்டயா கொண்டு போய் வைக்கப் போறீங்க? ஏங்க, தொரைக்கும் காய்ச்சலா?”

நான் சிரிக்கவில்லை. அவள் முகம் மாறியது. “இது புள்ள வாய்விட்டுக் கேட்டதுங்க.”

சரி, வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். படுத்திருந்த அக்காதான், “குடுங்கம்மா. அப்பாவுக்கு வேல போயிரும்” என்றாள்.

ஒரு துண்டாவது வெட்டி வைத்திருக்கலாம். முழு மீனாக வைத்தால்தான் மேசைக்கு அழகு என்று அதையும் செய்யவில்லை.

பகல் சாப்பாட்டில் எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. துரை ஒரு கிளாசில் கொஞ்சம் வைன் ஊற்றிக் கொண்டுவந்து, “குடிச்சுப் பாரு அப்பு” என்றார். குளிர்ச்சி, மெல்லிய புளிப்பு, நாக்கு நுனியில் ஒரு சின்னக் குறுகுறுப்பு. சட்டியில் ஒட்டியிருந்த மீனைச் சுரண்டி வாயில் போட்டேன். மீன் இன்னும் இனிப்பாகத் தெரிந்தது. அந்த நேரம் எனக்குப் பிள்ளை ஞாபகமே வரவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது.

தட்டு முள்ளோடு திரும்பி வந்தது. வேலையை நிரந்தரமாக்குவதாகத் துரை சொன்னார். பின்னேரம் மிஞ்சிய புடிங்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அக்கா அதைத் தொடவில்லை.

“அவங்களுக்குப் புடிச்சிச்சாப்பா?”

“ம், நல்லாருக்குன்னாங்க.”

“எனக்கும் புடிச்சிருக்கும்” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த முறை மீன் சைக்கிள் வந்தபோது இரண்டு பாரை வாங்கினேன். அதற்குள் அவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அம்மா மிளகை எடுத்ததும் அக்கா குறுக்கே வந்தாள். “அய்யோ, அந்தச் சப்பு மீன் வேணாம்மா. நல்லா உறைப்பா வைங்க!”

அம்மா மிளகை மூடி வைத்துவிட்டுக் கொச்சிக்காய்த் தூளை எடுத்தாள்.