ஜன்னலை விட்டுப் போகாத சூரியன்

மக்காவுக்கு உம்ரா செய்யப் புறப்பட்ட நோன்பு நாளில், கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ஜித்தாவுக்கு ஆறு மணித்தியாலம் என்று உம்மாவுக்குக் கணக்குச் சொன்னது நான்தான். பொழுது பட்டதும் வானத்திலேயே நோன்பு துறக்கலாம் என்றேன். விமானம் சூரியனுக்குப் பின்னாலேயே மேற்கே பறக்கும், பொழுது நீளும் என்று நினைக்கவே இல்லை.

எங்கள் ஊர் சாய்ந்தமருதில் பொழுது பட்டு, மஃரிபுக்குப் பாங்கு சொல்லியிருப்பார்கள். எங்கள் ஜன்னலிலோ சுள்ளென்று வெயில். உம்மாவுக்குச் சீனி வருத்தம். இரத்தத்தில் சீனி இறங்கி அவருக்கு வியர்க்கத் தொடங்கியது. இறங்கி ஓட வழியில்லை.

"பயணத்துல நோன்ப விடலாம் உம்மா."

"புடிச்ச நோன்ப விடமாட்டன் மகன்."

அவர் கண்ணை மூடியபோது ஜன்னல் மூடியை மெல்ல இறக்கினேன். "பொழுது பட்டுட்டு உம்மா," என்று பேரீச்சம்பழத்தை நீட்டினேன்.

வாங்கி என் கையிலேயே திருப்பி வைத்தார். "அப்ப நீ முதல்ல துற."

நானும் நோன்பாளிதான். பழம் விரலில் ஒட்டியது, வாய்க்குப் போகவில்லை. மூடியை உயர்த்தினேன். சூரியன் அப்படியே நின்றது.

"பொய்க்குத் துறக்கமாட்டன். பயம் எண்டா பயம் எண்டு சொல்லு."

"பயமா இரிக்கி உம்மா."

"சரி, ஊருக்குப் போய் வேற நாள்ல புடிச்சிக் கழாச் செய்வம்," என்றவர், அந்த வெயிலிலேயே பழத்தைக் கடித்தார்.

பயம் என்ற அந்த ஒரு சொல்லைக் கட்டுநாயக்காவிலேயே சொல்லியிருக்கலாம்.