பங்க்கில் நின்ற இன்னொரு கார்

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ஒரு பழைய போட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி எடுத்துவந்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையருகே நீட்டினார். பீங்கான் பேக்டரி பக்கத்து பெட்ரோல் பங்க்கில் பெரியப்பாவின் கறுப்புக் கார். அதன்முன் எங்கள் குடும்பமே சிரிக்கிறது, என்னைத் தவிர.

"இது அம்பாசிடரா, லேண்ட்மாஸ்டரா? காருன்னா உசுர வுடுவியே, சொல்லு மாப்ள."

"இவனையா கேக்குறீங்க? சொந்தக் காரு தெரியாம அடுத்தவங்க காருல ஏறிப் போனவனாச்சே!" என்றாள் அக்கா.

ஆரம்பித்துவிட்டாள். அது நடந்தது இந்தப் படம் எடுத்த அன்றுதான். ஒன்றுக்குப் போய்விட்டு ஓடிவந்து, கண்ணில் பட்ட கறுப்புக் காரில் ஏறினேன். வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டு தொடையைச் சுட்டது. பெட்ரோல் வாசனை வேறு. ஜன்னலோரம் கிடைத்த பெருமையில் பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஏறியவர்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பெண்ணாடத்தில் இறங்கும்போதுதான், "யாருடா நீ?" என்றார்கள்.

"நீங்க யாருங்க?" என்றேன்.

"புள்ளையத் தொலைச்ச குடும்பம் இப்படியா பல்லைக் காட்டும்?" என்று படத்தைக் காட்டி, வழக்கம்போல அக்காவிடம் எரிந்து விழுந்தேன்.

"சண்டை அப்புறம். பின்னால நிக்குற காரு என்னது?" மாமா விடுவதாயில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். இன்னொரு கறுப்பு அம்பாசிடர். அதன் பின் ஜன்னலில் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கும் ஒரு முகம். என்னுடையது.

"என்னடா சிரிப்பு அது?" என்றாள் அக்கா.

"உங்களப் பாத்துத்தான்க்கா. அடுத்தவங்க காரு முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிறீங்களேன்னு!"